டிக் சத்தம் போடாத கார்

எறும்பு கொட்டாவி விட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிற காது அவருடையது. ஏழு தெரு தள்ளி யாராவது பொய் சொன்னால் இங்கே இவருக்குக் காது அரிக்கும். நிலா நகரும்போது லேசாகக் கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட ஆளில்லை என்று ஒருமுறை வருத்தப்பட்டதாகக்கூடப் பேச்சு உண்டு. உலகத்துக் காதுகளையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பரிசு கொடுத்தால் முதல் பரிசு இவரது வலது காதுக்கு, இரண்டாம் பரிசு இடது காதுக்கு. மூன்றாவதைத்தான் மற்ற ஜீவராசிகள் அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதில் முக்கால்வாசியை வெட்டி எறிந்தாலும் மிச்சம் உண்மை. அவர் காதை வைத்துப் பிழைக்கிறவர். கார் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டி முடித்து வெளியே வரும் ஒவ்வொரு காரையும் பின்பக்கத்து ட்ராக்கில் மூன்று நிமிடம் ஓட்டுவார். கொஞ்ச தூரம் கருங்கல் பதித்த பாதை, கொஞ்ச தூரம் அலை அலையான சிமெண்ட், கடைசியில் நாலு வேகத்தடை. கண்ணாடி ஏற்றியிருக்கும். ஏசி, ரேடியோ எதுவும் கிடையாது. கைப்பேசி லாக்கரில் தூங்கும். எங்காவது ஒரு கிளிப் ஆடினால், ஒரு திருகு அரைச் சுற்று குறைந்திருந்தால், அவர் காது பிடித்துவிடும். நல்ல காருக்குக் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர். சத்தம் போடும் காருக்குச் சிவப்பு ஸ்டிக்கர், அதில் எந்த இடம் என்று ஒரு வரி. கண்டுபிடிப்பதோடு சரி, பிரித்துச் சரிசெய்வது வேறு ஆட்கள் வேலை. லைனில் எல்லோருக்கும் அவர் காதண்ணன். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

பதினோரு வருடமாக அந்த ட்ராக்கில் ஓடியது ஒரே மாடல். இரண்டு பேர் தாராளமாகவும் நாலு பேர் சண்டையோடும் உட்காரக்கூடிய, குட்டையான, முன்கோபக்காரக் கார். மிதித்தால் பாயும், திருப்பினால் சொன்ன பேச்சுக் கேட்கும். அதில் ஒன்று, சிவப்பு நிறம், அவரிடமே இருந்தது. ஊழியர் சலுகையில் வாங்கியது.

அந்தச் சிவப்புக் காரில் ஒரு சத்தம் உண்டு. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டுக் கதவுக்குள்ளிருந்து ‘டிக்’. ஒரே ஒரு டிக். ஊரான் வீட்டுக் கார்களின் சத்தத்தையெல்லாம் பிடிக்கிறவருக்குச் சொந்தக் காரில் சத்தம் என்றால் எப்படி இருக்கும்? தலைமையாசிரியர் பிள்ளை கணக்கில் முட்டை வாங்கின மாதிரி. வண்டியை ஓரங்கட்டுவார், கதவைத் தட்டுவார், காதை ஒட்டுவார், மறுபடி ஓட்டுவார், மறுபடி நிறுத்துவார்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அந்த அம்மாவைப் பஸ் நிலையத்தில் விடப் போனபோது வழியில் ஆறு தடவை நிறுத்தினார். ஏழாவது தடவை நிறுத்தியதும் அந்த அம்மாவே பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"வீட்டுல கரண்டிய வச்சா எங்க சத்தம்னு தேடுறீங்க. மூச்சு விட்டாலும் தேடுறீங்க. நான் பேசுறது மட்டும்தான் உங்க காதுல விழவே மாட்டேங்குது."

அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. சண்டை, பஞ்சாயத்து எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு காதண்ணன் அந்தக் கதவைத் தட்டுவதையும் விட்டுவிட்டார். சரிபண்ணவும் மனசு வரவில்லை. மேட்டில் ஏறும்போது காலியான சீட்டுப் பக்கத்திலிருந்து ‘டிக்’ என்று வரும். "ம்" என்பார். இரண்டு பேர் போகிற மாதிரி இருக்கும்.

அவர் குடியிருந்தது ஒரு குஷன் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. கடை வீட்டுக்காரருடையது. அவருக்கு ஒரு மகள். பத்தாம் வகுப்பைப் பாதியில் கைகழுவிவிட்டு அப்பாவோடு சோபாவுக்கு உறை தைக்கிற வாலு. அவளுடைய முக்கியமான பொழுதுபோக்கு மாடிக்காரரின் காருக்குள் எதையாவது போட்டுவிடுவது. ஏசி ஓட்டைக்குள் காய்ந்த பட்டாணி, ஸ்டெப்னிக்கு அடியில் கோலிக்குண்டு, டாஷ்போர்டு அறைக்குள் சோடா மூடி. தெருமுனை தாண்டுவதற்குள் அவர் கண்டுபிடித்துவிடுவார். திரும்பி வந்ததும் அந்தப் பொருள் மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கும். இவளும் கேட்கமாட்டாள், அவரும் சொல்லமாட்டார். அந்த வாலைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் சுயபுராணம் ஆகிவிடும், விடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது. அறைக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் வழக்கம்போல் படியில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அடுத்த ஞாயிறு அங்க ஒரு வேலையா வர்றேன்."

"வா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடறேன்."

"அந்தக் கார்லயா?"

"ஆமா."

"இன்னும் டிக் டிக்குனு அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா?"

அவர் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வேணாம்ங்க. நான் பஸ்லயே வந்து, வேலைய முடிச்சிட்டு அப்படியே போயிடறேன். நேரம் இருந்தா வீட்டுக்கு வர்றேன். பார்க்கலாம்."

பேச ஆரம்பித்தபோதே கீழே தையல் மெஷின் நின்றிருந்தது. நூல் அறுந்திருக்கும் என்று காது தானாகக் குறித்துக்கொண்டது. காதுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. மனசு எங்கே இருந்தாலும் அது தன் வேலையைப் பார்க்கும்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் புது மாடல் வந்து நின்றது. அதே பெயர், அடுத்த தலைமுறை. நாலு விரல் அகலம் கூட, இரண்டு விரல் உயரம் குறைவு. விளக்கெல்லாம் கண்ணை இடுக்கிக்கொண்டு, கடன் கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி முறைத்தன. உள்ளே பொத்தானெல்லாம் போய், பெரிய கண்ணாடித் திரை ஒன்று. சீட் இடுப்பைக் கட்டிப் பிடித்தது. லைன் பையன்கள் சுற்றி நின்று பேசிக்கொண்டார்கள்.

"பழசு நம்ம கூட்டாளி மாதிரிடா. தோள்ல கை போட்டுக்கிட்டு வரும்."

"புதுசு?"

"புது மாப்பிள்ளை. சட்டை கசங்கிடும்னு பயந்துக்கிட்டே உக்காந்திருக்கு."

சூப்பர்வைசர் வந்து காதண்ணன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

"அண்ணே, பழசுல அத்தனை வண்டியையும் ஓட்டின ஒரே ஆள் நீங்கதான். புதுசு அதைவிடத் தேவலையா இல்லையா, வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. உங்க கையெழுத்து இருந்தாத்தான் வண்டி கேட்டைத் தாண்டும்."

ஓட்டினார். புது மாடல் வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. கருங்கல்லில் மெத்தென்று போனது. அதெல்லாம் சரி, சத்தம்? ஒன்றுமே இல்லை. கதவு, கூரை, பின்சீட்டு எங்கேயும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. இரண்டாவது காரிலும் இல்லை. சாயங்காலத்துக்குள் இருபது காருக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அவருடைய பத்தொன்பது வருட சர்வீஸில், இதற்கு முந்தைய மாடல்களிலும்கூட, நடக்காதது. பழைய மாடலில் பத்துக்கு இரண்டாவது சிவப்பு வாங்கும்.

செவ்வாய்க்கிழமை இன்னும் இருபது, எல்லாம் பச்சை. இருபதாவது காரை நிறுத்தியதும் சந்தேகம் வந்தது. கார் அவ்வளவு நல்லதா, இல்லை நம் காது போய்விட்டதா?

ஐம்பத்தாறு வயது. வயதானால் மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், பேச்சும் ஹாரனும் நன்றாகவே கேட்கும் என்று காது டாக்டர் வாசலில் எழுதிப் போட்டிருந்ததை அவர் படித்திருக்கிறார். காது போனால் ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட்டை எண்ணி வைக்கச் சொல்வார்கள். அது போகட்டும். காதண்ணனிடமிருந்து காதை எடுத்துவிட்டால் மிச்சம் யார்? அந்த ஆளை அவருக்கே அவ்வளவாகப் பழக்கமில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர், அன்று வீடு திரும்பியதும் சிவப்புக் காரை எடுத்தார். தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கினார்.

டிக் வரவில்லை.

திருப்பிக்கொண்டு வந்து இன்னும் வேகமாக ஏற்றினார். வரவில்லை. ஐந்தாவது தடவை ஏற்றியபோது டீக்கடைக்காரர், "என்ன சார், ரோட்டைத் தேய்க்கச் சொல்லி ஆர்டரா?" என்றார். அது நன்றாகவே கேட்டது. கதவு மட்டும் பேசவில்லை. காலி சீட்டைப் பார்த்து அவராகவே "ம்" என்றார். பதிலுக்குச் சொல்வது வேறு, தானாகச் சொல்வது வேறு. அன்றைக்குத்தான் அந்த சீட் நிஜமாகவே காலியாகத் தெரிந்தது.

புதன்கிழமை வீடு திரும்பியதும் வேறு சோதனை. அறையில் தீப்பெட்டியைக் காதருகே குலுக்கிப் பார்த்தார். கேட்டது. தீக்குச்சி என்ன மெல்லிய சத்தமா, பெருங்கூட்டம் அல்லவா. குழாய் சொட்டியது, அதுவும் கேட்டது. எதற்கும் நம்பிக்கை வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தாளை எடுத்து எழுதினார்: ‘புதிய காரில் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. பழைய காரிலும் இப்போது கேட்கவில்லை. ஆகவே என் கையெழுத்து செல்லாது. வேறு ஆளை வைத்துப் பார்க்கவும்.’ எழுதியதை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைத்தபோது தாள் சரசரத்தது. அது கேட்டதுகூட அவருக்கு ஆறுதலாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. நாளையிலிருந்து காதண்ணன் இல்லை என்று தெரிந்த பிறகு, "காதண்ணே, ஜன்னல் சீட்டு" என்று ஒருத்தன் எழுந்து இடம் கொடுத்தால் எப்படி உட்காருவது? சிவப்புக் காரிலேயே கிளம்பினார். தெருமுனை வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏறினார். எதையும் எதிர்பார்க்கவில்லை.

‘ச்சின்.’

வெகு மெல்லிசான சத்தம். டிக் இல்லை, இது வேறு. குண்டூசி கண்ணாடியில் விழுந்த மாதிரி. மனைவி பக்கத்துக் கதவு, அடிமூலை, உள்ளே, உலோகம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி காது ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டது.

நட்ட நடுத்தெருவில் வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரனில் அர்ச்சனை செய்தார்கள். மூன்று வருடமாகத் தொடாத கதவின் உள்மூடியைச் சாவி முனையால் நெம்பினார். பிரிக்கத் தெரியாத கை, நாலு கிளிப் பறந்தது. உள்ளே, டிக் வந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு நுரைத் துண்டு. பாதி நிலா மாதிரி அளவெடுத்து வெட்டி, ஆடிக்கொண்டிருந்த தகட்டுக்கும் கதவுக்கும் நடுவே பதமாகச் செருகியிருந்தது. பச்சை நுரை. கதவின் அடியில் ஒரு குட்டி சோபா ஆணி. நுரையில் குத்திக்கொண்டிருந்தது குலுங்கிக் குலுங்கி இன்றைக்குத்தான் கழன்று விழுந்திருக்க வேண்டும்.

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த ஆணியையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். பின்னால் நின்ற லாரிக்காரர், "இறங்கி வந்து சிரிக்க வைக்கணுமா, இல்ல வண்டிய எடுக்கிறியா?" என்றார்.

தொழிற்சாலைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு புதுக் காரை எடுத்தார். கதவின் பாக்கெட்டில் அந்த ஆணியைப் போட்டுக்கொண்டு ட்ராக்கில் இறங்கினார். பழைய காரில் ரகசியம் பேசிய ஆணி புதுக் காரின் அமைதியில் ஊரையே கூட்டியது. ஆணியை எடுத்துவிட்டு இன்னொரு சுற்று வந்தார். ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. சட்டைப் பைத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் வாங்கி எழுதினார்: ‘புதியது பழையதை விட நன்றாக இருக்கிறது. திரும்புவதிலும் சரி, சத்தத்திலும் சரி. தனியாக ஓட்டுகிறவருக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.’

சூப்பர்வைசர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கடைசி வரி எதுக்குண்ணே?"

"வேணாம்னா அடிச்சிருங்க தம்பி. கையெழுத்து மட்டும் இருக்கட்டும்."

சாயங்காலம் வந்தவர் ஆணியை மூன்றாவது படியில் வைக்கவில்லை. தானே அங்கே உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கையில் ஆணியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடையை விட்டு வெளியே வந்த வாலு பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்ன மாமா அது?"

"நீதான் சொல்லணும்."

"நான் ஒண்ணும் போடல. சத்தியமா இந்த வாரம் ஒண்ணுமே போடல."

"போடலைதான். எடுத்திருக்க. டிக்க எடுத்துட்ட. கோலிக்குண்டு போடுற கை நுரை வைக்க எப்ப கத்துக்கிச்சு?"

"நுரை வெட்டுறது ஊர்ல நாங்க மட்டுந்தானா? எவனாவது வச்சிருப்பான்."

"சரி, எவனோ வச்சான். எதுக்கு வச்சிருப்பான்?"

"எதுக்கா? அத்தை வர்றப்போ நீங்க பாட்டுக்கு வழியெல்லாம் வண்டிய நிறுத்தி, கதவத் தட்டிக்கிட்டு..."

அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்.

அவர் ஆணியை அவள் கையில் வைத்தார். "நுரை அங்கேயே இருக்கட்டும். அவ வருவாளா மாட்டாளான்னு தெரியல. வந்தா நான் நிறுத்தாம ஓட்டுவேன்." எழுந்து இரண்டு படி ஏறினார். அப்புறம் திரும்பாமலே சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை நான் போன் பேசுறப்போ உன் மெஷின் நின்னுச்சு. நூல் அறுந்துச்சுன்னு நெனச்சேன். நான் போனை வச்சப்புறந்தான் மறுபடி ஓடுச்சு. ஒரு நூல் கோர்க்க உனக்கு ஏழு நிமிஷமாடி, வாலு?"