பாகற்பந்தலடியில் சொன்ன பொய்

செல்லம்மாளின் சேலையில் நான் எந்தக் கறையையும் பார்க்கவில்லை.

பார்த்தேன் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லால் ஒருத்தியின் வாழ்வைக் கெடுத்தேன். ஏழு வருடமாக எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். என்னைத் திட்டுங்கள், ஆறுதல் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

செல்லம்மாள் என் ஓரகத்தி. என் கொழுந்தனின் மனைவி. மணமேல்குடிப் பக்கம் எங்கள் வீடு. அவள் வாழ வந்த வருடமே கொல்லையில் பாகல் போட்டாள். விதையை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை கண்ட பிறகே குழியில் ஊன்றினாள். சவுக்குக் கழியில் பந்தல் போட்டாள். ஈ குத்தாமலிருக்கப் பிஞ்சுகளுக்குத் துணி சுற்றினாள். ஒன்பது வருடமாக அந்தக் கொல்லையில் நானும்தான் என்னென்னவோ நட்டேன். எதுவும் அப்படிக் காய்த்ததில்லை. என் வயிறும் காய்க்கவில்லை...

"சின்னவளுக்குக் கைராசி" என்று அத்தை சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சிரித்துக்கொண்டே காய் நறுக்குவேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் கொழுந்தன் பினாங்குக்குக் கப்பலேறினார். அந்த மாதம்தான் எனக்கும் நாள் தள்ளியது. அத்தை என்னைக் குடம் தூக்க விடவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மலடி என்ற பெயர் போயிற்று!

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், பந்தலடியில் காய் பறித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உதிரம் கண்டது.

எங்கள் வீட்டில் தூரமான பெண் மூன்று நாள் கொட்டகையில் ஒதுங்கியிருக்க வேண்டும். செடிகொடியைத் தொட்டால் கருகிவிடும் என்பார்கள். நான் ஒதுங்கினால் ஊருக்கே தெரிந்துபோகுமே! ஒதுங்கவில்லை. மூன்று நாளும் சமைத்தேன், பந்தலுக்குள் போனேன், காய் பறித்தேன்.

நான்காம் நாள் கொடி மஞ்சளித்துத் துவண்டது.

"எவடி தூரத்தோட பந்தலுக்குள்ள போனவ?" என்று அத்தை கத்தினார். பிள்ளையுண்டானவள் என்று பெயரெடுத்த என்னை யார் சந்தேகிப்பார்கள்? செல்லம்மாளைத்தான் பார்த்தார்.

"நான் இல்லைங்க அத்தை. எனக்கும் நாள் தள்ளித்தான் இருக்கு. வேர்ல தண்ணி நிக்குது, வடியவிடணும்னு அக்காகிட்ட அன்னைக்கே சொன்னேங்க" என்றாள் அவள்.

உண்மைதான், சொன்னாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தை என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் சொன்னேன்: "பொய் சொல்றா அத்தை. முந்தாநாளு அவ சேலையில கறை பாத்தேன்."

ஏன் சொன்னேன்? பயமா, பொறாமையா? இரண்டும்தான்... எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அன்றே அவளைக் கட்டுமாவடிக்கு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் பொறுத்து எனக்குக் கலைந்துவிட்டதென்று படுத்து அழுதேன். "கொடியையும் கருக்கி, எம் பேரப்புள்ளையையும் கருக்கிட்டா பாவி!" என்றார் அத்தை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

கார்த்திகையில் செல்லம்மாளின் அப்பா வெற்றிலை பாக்கோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மக முழுகாம இருக்குங்க" என்றார்.

அத்தை விரலை மடக்கினார். "மவன் கப்பலேறுனது பொரட்டாசி. அவ தூரமானது ஐப்பசி. அப்ப இது யாரு புள்ளைங்க?"

நான் நினைத்துப் பார்க்காத கணக்கு அது. சத்தியமாக நினைக்கவில்லை! அந்த மனிதர் என்னிடம் வந்தார். "ஆத்தா, அந்தக் கறைய நீ கண்ணால பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். நான் தலையை ஆட்டினேன்... ஆமென்று.

வெற்றிலைத் தட்டை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. பினாங்குக்குக் கடிதம் போனது. பதில் வருமுன் சண்டை வந்து கப்பல் நின்றது. சண்டை ஓய்ந்து எத்தனையோ பேர் திரும்பினார்கள், கொழுந்தன் திரும்பவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்தாரா? படித்துவிட்டா செத்தார்?

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதப் பிள்ளை என்று மருத்துவச்சி சொன்னாளாம். ஐப்பசிக் கணக்குப்படி குறைப்பிரசவம் என்று அடித்துச் சொன்னார் அத்தை. நான் வாயே திறக்கவில்லை.

அடுத்து வந்த ஐப்பசியில் நானும் பாகல் போட்டேன். தூரமான நாளில் ஒழுங்காக ஒதுங்கினேன். அப்படியும் கொடி துவண்டது. தோண்டிப் பார்த்தேன். குழியில் மழைத்தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருந்தது. கொடியைக் கொன்றது தண்ணீர்! அன்றாவது அத்தையிடம் சொன்னேனா? குழியை மூடிவிட்டுக் கைகழுவினேன்.

போன வாரம் மணமேல்குடிச் சந்தையில் அவளைப் பார்த்தேன். முன்னால் ஒரு கூடைப் பாகற்காய். பக்கத்தில் ஆறு வயதுப் பெண். சிரித்தால் கொழுந்தனுக்கு விழும் அதே கன்னக்குழி. ஓடிவிடலாமா என்று நின்றேன்.

"வாங்கக்கா" என்றாள். கேட்காமலேயே என் கூடையில் பிஞ்சுக் காய்களை எடுத்துப் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இப்பவாச்சும் வேர்ல தண்ணி நிக்காம பாத்துக்கிறீங்களாக்கா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து சமைத்தேன். அத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்ல பிஞ்சா இருக்கே, எவகிட்ட வாங்குனே?" என்றார்.

"யாரோ ஒருத்தி அத்தை" என்றேன்.