பிச்சையம்மாள் கேட்ட ட்ரிப்பர்

மலைமேல் இருக்கிற எங்கள் பள்ளங்கிக்கு வருகிறவர்கள் என் பூண்டுத் தோட்டத்தைப் பார்க்காமல் போவதில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; புதராய்க் கிடந்த நிலத்தை என் கையால் திருத்தினேன். காட்டுமாடு நுழையாதபடி சோலார் வேலி போட்டேன். சட்டம் கேட்ட பதிவு, முத்திரை உள்ள வேலி மெஷின், எச்சரிக்கைப் பலகை எல்லாம் உண்டு. பார்க்க வந்த ஆபீசரே ஒரு குறையும் சொல்லவில்லை.

குறை சொன்னவள் பிச்சையம்மாள். பூண்டு பறிக்கப் பெண்களைக் கூட்டி வருகிறவள். அவள் வராவிட்டால் ஊரில் எவர் தோட்டத்திலும் பூண்டு மண்ணைவிட்டு வெளியே வராது. போன வருஷம் என் மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, ட்ரிப்பர் எங்க? கரண்டு ஒழுகினா தானா நிறுத்துமே, அந்தப் பெட்டி.”

“இந்தப் பழைய கனெக்‌ஷனுக்கு அதை எவனும் கேக்கலம்மா.”

“நான் கேக்குறேன்ல. எங்க வீட்டுக்காரரு செத்த மோட்டார் ரூம்லயும் பேப்பரெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மாட்டுங்க, வாரோம். இல்லன்னா நீங்களே குனிஞ்சு பறிங்க.”

இந்த மலையில் எனக்கு நிபந்தனை போட்ட ஒரே ஆள் அவள்தான். மாட்டினேன். அதிலும் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து.

இந்த ஆவணிப் பறிப்புக்கு முந்தின ராத்திரி பேய்க்காற்று. காலையில் பறிக்க வருகிற பெண்களுக்காக வேலியை அணைத்துவிட்டு, மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்டார்ட்டரை அமுக்கினேன். டப்பென்று ட்ரிப்பர் விழுந்து கரண்டை நிறுத்தியது.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுவேல், பொதுக் கிணற்றில் எனக்கு அடுத்த தண்ணீர் முறைக்காக நின்றிருந்தான். “இது சும்மா சும்மா விழும் பெரியப்பா. கழட்டிட்டு டைரக்டா குடுத்துருவோம்” என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

வெளியே பெண்கள் அலறினார்கள். “அண்ணே! போட்றாதீங்க! போட்றாதீங்க!”

ஓடினேன். பிச்சையம்மாள் வேலியோரம் மல்லாந்து கிடந்தாள். ஸ்டார்ட்டரிலிருந்து கிணற்று மோட்டாருக்குப் போகிற என் ஒயர் காற்றில் அறுந்து, சற்றுத் தள்ளி வேலிக் கம்பிமேல் கிடந்தது. வேலிதான் அணைந்திருக்கிறதே என்று உள்ளே நுழைய வெறுங்கையால் கம்பியைத் தூக்கியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து நான் ஸ்டார்ட்டரை அமுக்கியிருக்கிறேன். ட்ரிப்பரைக் கழற்றி இன்னொரு தடவை அமுக்கியிருந்தால்!

ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பில் ஏற்றும்போதுதான் வாய் திறந்தாள். பொன்னுவேலைப் பார்த்தாள்.

“ஏலே, கையில என்னலே?”

ஸ்க்ரூடிரைவரை அவன் இன்னும் கீழே போடவில்லை.

“உன் காட்டு மோட்டாருக்கு ட்ரிப்பர் இருக்கா?”

இல்லை என்று தலையாட்டினான்.

“அப்ப உன் பூண்டு மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும்” என்றாள்.