மொக்கைச்சாமி மடியில் இருந்த சாவி

மொக்கைச்சாமி அண்ணனை ஏமாளி என்று சொல்பவர்கள் சிம்மக்கல்லில் இன்றும் இருக்கிறார்கள். வாய் இருக்கிறது, சொல்கிறார்கள். அவரைப் பற்றிப் பேச என்னைவிட வெட்கப்பட வேண்டியவன் யாருமில்லை. சாவியை அவர் கையில் கொடுத்தவன் நான்.

திருவாதவூர்ப் பக்கம் அவர் ஊர்க் காவல்காரர். கல்யாணம், திருவிழா என்று வெளியூர் மாட்டு வண்டிகள் வந்து கண்மாய்க்கரைப் புளியந்தோப்பில் அவிழ்த்துப் போட்டால், ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கடையாணியை உருவி, கயிற்றில் கோத்து மடியில் கட்டிக்கொள்வார். கடையாணி இல்லாத வண்டி பத்தடி போவதற்குள் சக்கரம் கழன்று விழும். களவாணிப் பயல் எவனும் தொட மாட்டான். மீறி ஏதாவது காணாமல் போனால் காவல்காரர்தான் தேடிக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் தன் பொருளைக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். அறுப்புக் காலத்தில் ஊர் அவருக்கு நெல் அளப்பது அதற்காகத்தான். இருபது வருஷத்தில் அவர் ஈடு கட்டியதே கிடையாது. நடையிலேயே அந்தப் பெருமை தெரியும்.

நான் உமர் பாரூக், மதுரை சிம்மக்கல் சேக் இஸ்மாயில் ராவுத்தரின் வாடகைக் காரை ஓட்டியவன். அவருக்கு இருந்தது அந்த ஒரே கார்தான். எங்கள் இரண்டு குடும்பமும் அதை நம்பித்தான் சாப்பிட்டது. நாற்பத்தாறில், இன்சூரன்ஸ் இல்லாமல் மோட்டார் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் கேட்டது அடிபட்டவனுக்கான இன்சூரன்ஸ் மட்டும். முதலாளி பயந்த சுபாவம், களவுக்கும் சேர்த்தே எடுத்துவிட்டார். கம்பெனித் தாளை அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. எல்லாம் இங்கிலீஷ்.

மறு வருஷம் வைகாசியில் ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். தோப்பில் நிறுத்தியதும் மொக்கைச்சாமி அண்ணன் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குக் கடையாணி எங்கிட்டு இருக்கு தம்பி?"

"கடையாணி கிடையாதுண்ணே. சாவிதான்."

"அப்பச் சாவியக் குடுத்துட்டுப் போயிச் சாப்பிடு. இது எங் காவல்."

கொடுத்தேன். இரண்டு ஒயரை ஒட்டவைத்தால் சாவியே இல்லாமல் கார் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பந்தியில் இடம் போய்விடுமே என்ற அவசரம். தூ, அதுவும் ஒரு சோறா!

தோப்பின் மறுகோடியில் இரண்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு முட்டிக்கொண்டன. சாவி மடியில் இருக்கும் தைரியத்தில் அவர் விலக்கிவிடப் போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தபோது காரைக் காணோம். புழுதி மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் அலைந்தார். களவு போன மாட்டுக்குத் துப்புச் சொல்கிற ஆட்களையெல்லாம் பார்த்தார். மாடு போனால் குளம்படி இருக்கும். தார் ரோட்டில் ஏறிவிட்ட காருக்கு என்ன இருக்கும்?

கம்பெனி ஆள் விசாரிக்க வருவதற்கு முதல் நாள் ஒரு வக்கீல் குமாஸ்தா எங்களை எச்சரித்தார். சாவியை வேறு ஆளிடம் கொடுத்திருந்தால் கம்பெனி ஒன்றும் தராதாம். நான் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, சாவி என்கிட்டத்தான் இருந்துச்சுன்னு சொல்லிருவோம். காரு உங்க காவல்ல இல்லைன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். மொதலாளி பொழச்சிக்கிருவாரு."

அவர் மடியில் இருந்த சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "தனியாக் கேட்டாச் சொல்றேன் தம்பி" என்றார்.

கம்பெனி ஆள் தனியாகக் கேட்கவில்லை. தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊரே சுற்றி நிற்கும்போது கேட்டார். "இங்கே காவல் யாருமே இல்லையா?"

காவல் வேலைமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சின்னான் கூட்டத்தில் இருந்து சிரித்தான். "சொல்லுங்க மாமா, யாருமே இல்லையா?"

மொக்கைச்சாமி அண்ணன் மடியை அவிழ்த்துச் சாவியைத் தூக்கிக் காட்டினார். "எங் காவல்தான். இந்தா சாவி. அன்னைக்கிருந்து இடுப்ப விட்டு எறங்கல."

கம்பெனி ஆள் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அதோடு எல்லாம் போயிற்று.

ஒரு வாரம் கழித்து, தன் உழவு மாடுகள் இரண்டையும் ஓட்டிக்கொண்டு சிம்மக்கல்லுக்கு வந்து நின்றார். ஈடாம். அவரிடம் வேறு எதுவும் கிடையாது.

"இத வச்சு நான் என்னய்யா செய்ய? ஓட்டிட்டுப் போங்க" என்றார் முதலாளி. இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் ஈடு கட்டாத காவல்காரர் என்று ஊர் அவரை விலக்கிவிட்டுச் சின்னானுக்குக் காவலைக் கொடுத்தது. முதலாளி தன் மச்சான் கடையில் கணக்குச் சிட்டை எழுதப் போனார். நான் நெல்பேட்டையில் மூட்டை தூக்கினேன். மொக்கைச்சாமி அண்ணன் இரண்டு தடவை என்னைத் தேடி வந்தார். ஆத்திரத்தில் முகம் கொடுக்கவில்லை. யார் மேல் ஆத்திரம் என்பது எனக்கே தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி ராக்கம்மாள் வந்தார். நெற்றியில் பொட்டில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை என் கையில் வைத்தார்.

"சாகுற வரைக்கும் மடியிலதான் கெடந்துச்சு. கெடையில விழுந்தும் ஒண்ணே ஒண்ணத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு. சாவி எங்கிட்ட இருக்கையில காரு எப்பிடிப் போச்சுன்னு. ஒங்களுக்காவது தெரியுமா தம்பி?"

"தெரியல மதினி" என்றேன்.