டிம்பிளுக்குப் பிடிக்காத மாப்பிள்ளை

கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அருள்பிரகாசத்தின் தலையணையில் பூனை மூத்திரம் போன சேதி தெருக்குழாய் வரைக்கும் வந்துவிட்டது. காட்டிக்கொடுத்தது மொட்டைமாடியில் காய்ந்த தலையணைதான். பஞ்சுத் தலையணையை யாராவது தண்ணீரில் முக்குவார்களா என்று கீழ்வீட்டுக் கெங்கம்மா கேட்க, பொய் சொல்லிப் பழகாத ஜானட் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே கெங்கம்மா அவரைப் படிக்கட்டில் மடக்கினாள்.

"இன்னா நைனா, பொண்ணு ஓகே சொல்லிட்ச்சி. பூனை இன்னும் சொல்லலியாமே?"

அருள்பிரகாசம் சிரித்தார். மாடி ஏறி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு வற்றிவிட்டது.

ஐம்பத்திரண்டு வயசு அவருக்கு. காசிமேட்டில் ஐஸ் ஃபாக்டரியில் மெஷின் ஆபரேட்டர். கடலுக்குப் போகும் லாஞ்சுகளுக்கு ஐஸ் அங்கிருந்துதான் போகிறது. தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அதில் வரிசையாக இறக்கிய தகரக் கேன்கள், அத்தனையையும் உறைய வைக்க அமோனியா வாயு. அந்த வாயு ஓடும் குழாய்களோடும் கம்ப்ரஸரோடும்தான் அவருடைய பாதி வாழ்க்கை கழிந்திருக்கிறது. முதல் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை கிடையாது. மெஸ் சாப்பாடும் டிவியுமாக இருந்தவரை, மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தவர்கள்தான் விடாமல் பேசி இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தார்கள்.

ஜானட்டுக்கு இது முதல் கல்யாணம். காலடிப்பேட்டைக்காரி. துணி ஏற்றுமதி கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் வயசு நாற்பத்து நாலாகிவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று அவள் நகையைப் பற்றியோ வேலையைப் பற்றியோ பேசவில்லை.

"எங்கூட ஒரு பூனையும் வரும். பரவால்லியா?"

"வரட்டுங்க. எலித் தொல்லை வேற இருக்கு" என்றார் அவர். ஜானட் சிரித்துவிட்டாள். கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

டிம்பிள் வெள்ளைப் பூனை. முதுகில் மட்டும் மை கொட்டினாற்போல ஒரு கறுப்பு. காலடிப்பேட்டை வீட்டில் அது ஒரு தடவைகூடக் கண்ட இடத்தில் போனதில்லை. பாத்ரூம் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் மணல் இருக்கும். போகும், மூடும், வந்துவிடும். ராயபுரத்தில் அவர் வீட்டிலும் அதே பேசினை வைத்தார்கள். பெரிய வேலைக்கு மட்டும் மணலுக்குப் போனது. மூத்திரத்துக்கு அருள்பிரகாசத்தைத் தேடியது. முதலில் ஆணியில் மாட்டியிருந்து கீழே விழுந்த சட்டை. அடுத்து அவர் உட்காரும் பிளாஸ்டிக் ஒயர் நாற்காலி. பிறகு கட்டிலில் அவர் படுக்கும் பக்கம். கடைசியாகத் தலையணை. அதே கட்டிலில் ஜானட் மடித்து வைத்த புடவைகளை அது மோந்துகூடப் பார்க்கவில்லை.

கூடையில் போட்டு ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூத்திரத்தைச் சோதித்துவிட்டு நோய் ஒன்றுமில்லை என்றார்.

"புது வீடு, புது ஆள். ஏதோ ஒண்ணு அதுக்கு ஒத்து வரல. என்னன்னு பாருங்க. ஃபினாயில் மட்டும் ஊத்தாதீங்க, பூனைக்கு விஷம்."

அந்த 'ஏதோ ஒண்ணு' தான்தான் என்று அருள்பிரகாசம் தீர்மானித்துக்கொண்டார். ஆனாலும் முகம் கோணவில்லை. வேலைக்குப் போகும் ஜானட்டுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாமென்று சுத்தம் செய்வதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அதற்கென்று ஃபாக்டரியிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்தார். திருப்பூரிலிருந்து வரும் வெட்டுத் துணி அது. இந்தப் பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மெஷின் துடைக்க அதுதான். நன்றாக உறிஞ்சும், துடைத்துவிட்டுத் தூக்கிப் போடலாம். பூனை போன இடத்தைத் துடைத்தார். போகாத இடத்தையும் ஒரு முன்ஜாக்கிரதையாகத் துடைத்தார். அடுத்த வாரம் அந்த இடத்திலும் போனது.

அவருக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். இந்த வீட்டில் ஜானட்டின் பழைய வாழ்க்கையில் மிச்சமிருப்பது அந்தப் பூனை ஒன்றுதான். அதை வெளியே அனுப்பினால் அவள் சண்டை போட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். வாயே திறக்காமல் காபி ஆற்றிக் கொடுப்பாள். அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

அவர் சொல்வதற்கு முன் ஜானட்டே சொல்லிவிட்டாள். மெத்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் முகத்தைப் பார்க்காமல்:

"ஜூடிக்கு ஃபோன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சி வந்து டிம்பிளைக் கூட்டிட்டுப் போறேன்னா."

"எதுக்கு ஜானட்டு? இருந்துட்டுப் போவுது."

"இல்லங்க. எத்தினி நாளு நீங்களே துடைப்பீங்க?"

மேற்கொண்டு வற்புறுத்தாததற்கு அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜூடி மூங்கில் கூடையோடு வந்தாள். ஜானட்டின் தங்கை. அக்கா விழுங்குவதையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள். அவள் உள்ளே வந்த நேரம் பார்த்து டிம்பிள் ஹால் மூலையில் குந்தி எழுந்தது. அதற்கு முந்தின நாள் அவர் தேய்த்துத் தேய்த்துத் துடைத்த மூலை. அருள்பிரகாசம் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி வேஸ்டை உருவிக்கொண்டு குனிந்தார்.

ஜூடி மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னா மாமா, மூத்திரம் துடைச்ச துணியிலயே மறுபடி துடைக்கிறீங்க?"

"சேச்சே, புதுசும்மா. இப்பதான் எடுத்தேன்."

"புதுசா? இங்க குடுங்க." பிடுங்கி முகர்ந்தவள், கையை நீட்டமாகத் தள்ளிப் பிடித்தாள். "அய்யய்யே, கலீஜு! மூட்டையே பூனை மூத்திரமா நாறுது மாமா!"

அருள்பிரகாசம் வாங்கி முகர்ந்தார். ஒரு வாசனையும் இல்லை. வெறும் துணி.

ஜூடி அதோடு விடவில்லை. ஆணியில் தொங்கிய ஃபாக்டரி சட்டையிடம் போனாள். நாற்காலியிடம் குனிந்தாள். பிறகு, மாமா என்ற மரியாதையையும் மறந்து அவர் தோள் பக்கம் மூக்கைக் கொண்டுவந்தாள்.

"உங்க மேலயும் கீது மாமா. அந்த ஐஸ் ஃபாக்டரி கேஸு. கண்ணை மூடிக்கினு மோந்தா பூனை மூத்திரம்தான். பாவம் அது, வூடு பூரா நீங்களே கக்கூஸ் கட்டி வச்சிட்டு, அங்க போவாதன்னா எப்டி?"

அருள்பிரகாசத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த வேஸ்டைக் கீழே போட்டார். மெஷினை ஒட்டி அடுக்கி வைத்திருக்கும் மூட்டை அது. வருஷக்கணக்காக அந்த வாயுவில் ஊறியது. அதை வைத்து வீடு முழுக்க அவரே அமோனியாவைப் பூசி வைத்திருக்கிறார். அவர் மூக்குக்கு மட்டும் அது எட்டவில்லை.

அவர் ஜானட்டைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆச்சரியப்படவே இல்லை. சமையலறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"வாசனை தெரியும். பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்கே. ஆனா பூனை அதுக்குத்தான் போவுதுன்னு சத்தியமா தோணலங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உழைச்சிட்டு வர்ற மனுசனை, உன் மேல நாறுதுன்னு எப்டிங்க சொல்றது?"

"நல்ல ஜோடிடா சாமி" என்று ஜூடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒருத்தரு மூக்கைப் பொத்திக்கினு குடும்பம் நடத்துறாங்க, இன்னொருத்தரு வாயைப் பொத்திக்கினு நடத்துறாரு. நான் பூனையத் தூக்கிக்கினு போறதா, வேணாவா?"

ஜானட் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அருள்பிரகாசம் யோசிக்கவில்லை.

"வேணாம்மா. பூனை மேல தப்பு இல்ல. கூடையைக் காலியா எடுத்துட்டுப் போ."

ஜானட் நிமிர்ந்தாள். கண் கலங்கியதை மறைக்க, ஜூடிக்குக் காபி போடுவதாக உள்ளே போனாள்.

மறுநாள் ஃபாக்டரியில் அவர் ஹுமாயூனைத் தனியாகக் கூப்பிட்டார். ஹுமாயூன் அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர், பழைய தோஸ்து.

"டேய், உண்மையச் சொல்லு. எம் மேல கேஸு நாத்தம் அடிக்குதா?"

ஹுமாயூன் பொறுப்பாகக் குனிந்து முகர்ந்தான். "ஒண்ணும் இல்லியே மாமு." பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னாண்ட போயி கேக்குறியே, உன் மூக்கும் என் மூக்கும் ஒரே கம்பெனி!"

அதிலிருந்து அருள்பிரகாசம் ஃபாக்டரி உடுப்பை ஃபாக்டரியிலேயே விட்டுவிட்டார். வேலை முடிந்ததும் குழாயடியில் சோப்பு போட்டுக் குளித்து, வீட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேஸ்ட் மூட்டை போன வழியே திரும்பிப் போனது. தரையையும் நாற்காலியையும் ஜானட் வினிகர் கலந்த தண்ணீரில் கழுவினாள். மெத்தையை இரண்டு பேருமாக மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போட்டார்கள். தலையணை தேறவில்லை, புதுசு வாங்கினார்கள். டிம்பிள் உடனே திருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. ஹால் மூலையில் இன்னும் இரண்டு தடவை போனது. அந்த இடத்தில் அதன் சாப்பாட்டுத் தட்டை வைத்த பிறகு விட்டது. கட்டில் பக்கமும் நாற்காலி பக்கமும் வரவில்லை. மணலுக்கே போக ஆரம்பித்தது. அதற்காக அவர் மடியில் வந்து உட்கார்ந்ததாக நினைக்க வேண்டாம். அவர் காலைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். அவருக்கு அதுவே போதும் என்றிருந்தது.

வீட்டில் வேறு ஒன்று மாறியிருந்தது. ஒரு மத்தியானம் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டுக்கொண்டே ஜானட் ஆரம்பித்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க குறட்டை விடுறீங்க."

"அது ஊருக்கே தெரியுமே. தூக்கத்துல வர்றதுதான?"

"ராத்திரி விட்டா பரவால்லிங்க. பூசையில, பிரசங்கத்துல விடுறீங்க. முன்னாடி பெஞ்சிலருந்து திரும்பிப் பாக்குறாங்க."

அருள்பிரகாசம் வாயிலிருந்த கவளத்தை நிதானமாக மென்று விழுங்கினார்.

"சரி. நானும் ஒண்ணு சொல்லட்டா? கொழம்புல உப்பு கம்மி."

"இன்னிக்கா?"

"நீ வந்த நாள்லருந்து."

ஜானட் கரண்டியோடு நின்றாள். "அப்ப ஏன் தினமும் ரெண்டாம் வாட்டி கேட்டு வாங்கி சாப்ட்டீங்க?"

"உனக்கு சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான்."

அவள் உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் 'டங்' என்று வைத்தாள்.

"போட்டுக்கோங்க. முருங்கக்கா எப்டி கீது? அதையும் இப்பவே சொல்லிடுங்க."