ருசி பார்க்கப் போன கல்யாணம்

என் அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தியைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வாய்ப்பு இருக்காது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இருபத்தாறு வருடமாகச் சூளை வேலை பார்க்கிறவர். பீங்கான் ஃப்யூஸ் கேரியர்களைச் சூளையில் அடுக்குவது, தீ வைப்பது, வெந்ததும் அணைப்பது, ஆறவிட்டு இறக்குவது எல்லாம் அவர் கை வேலை. குடிக்க மாட்டார். சம்பளத்தை அப்படியே அக்கா கண்ணம்மாளிடம் கொடுத்துவிடுவார். பெற்ற பெண்ணை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை.

ஆனால் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது சாப்பிட்டுவிட்டு எழுந்தாரானால் போச்சு. இலையை மடித்த கையோடு ஆரம்பித்துவிடுவார். "லட்டா அது? செவுத்துல அடிச்சா செவுரு ஒடையும்." "ஜிலேபிக்கு சக்கரைய தூரத்துல இருந்து காட்டினாங்க போல." நாங்களும் சிரிப்போம். சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படிப்பட்டவருக்குச் சொந்தப் பெண் வேல்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு ஸ்ரீமுஷ்ணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். மாப்பிள்ளை எப்படி, மாமியார் எப்படி என்ற கவலையெல்லாம் அக்காவுக்கு. மாமாவுக்கு ஒரே கவலை, ரிசப்ஷன் இலையில் என்ன ஸ்வீட்டு வைப்பது. இத்தனை வருடம் அடுத்தவன் இலையைப் பற்றிப் பேசியவர் அல்லவா? ஊரே பழி தீர்த்துக்கொள்ளக் காத்திருக்கிறது என்று அவருக்கு நடுக்கம்.

"கேசரி போதுங்க" என்றாள் அக்கா.

"பொண்ணு பாக்க வந்தப்பவே கேசரிதான குடுத்த? வேற ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்க மாட்டான்?"

"இப்பல்லாம் யாருப்பா ஸ்வீட்டு திங்கறாங்க, பாதி பேருக்கு சுகரு" என்றாள் வேல்விழி.

"சுகரு இருக்கறவன்தான்டி ரெண்டு கேட்டு வாங்குவான்" என்றார் மாமா.

சமையல் காண்ட்ராக்ட் எடுத்திருந்த கோகுலகிருஷ்ணன் இந்தக் குழப்பத்துக்கு வழி சொன்னான். அவன் சமைக்கிற வேறொரு ரிசப்ஷனுக்கு வந்து, உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டியது. பிடித்ததைச் சொல்ல வேண்டியது. எங்கள் பக்கத்தில் இப்போது இது சகஜம். கல்யாண வீட்டாரிடம் "ஒரு பார்ட்டி ருசி பாக்க வராங்க" என்று காண்ட்ராக்டரே சொல்லி வைத்துவிடுவார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"ஞாயித்துக்கெழம ஜங்ஷன் ரோட்டு மண்டபத்துல நம்ம வேலதான். பின்பக்கமா சமையக்கட்டு வழியா வந்துடுங்க, நானே ஒக்கார வெக்கறேன்" என்றான். யார் கல்யாணம் என்று மாமாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நல்லூரில் உரக்கடை வைத்திருக்கிற எனக்கு விருத்தாசலத்துக் கல்யாணங்கள் அவ்வளவாகத் தெரியாது. துணைக்கு வா மாப்ள என்று கூப்பிட்டார், போனேன். ஓசிச் சாப்பாடு என்று சந்தோஷமாகவே போனேன்.

முன்வாசலில் பேனர் இருந்திருக்கும், பெயரும் போட்டோவும் இருந்திருக்கும். நாங்கள்தான் பின்வாசல் வழியாகப் போனோமே. முதல் பந்தியில் கடைசி மேசையில் உட்கார்ந்தோம். இலையில் பாதாம் அல்வாவும் பால் ஜாங்கிரியும் வந்தன. மாமா ஜாங்கிரியைக் கிள்ளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். கண்ணை மூடி மென்றார். எனக்கே கூச்சமாக இருந்தது.

"ஜாங்கிரி பரவால்ல. அல்வாவுல பாதாம் பேருக்குத்தான் இருக்குது. கல்யாண வூட்டுக்காரன் கஞ்சனா இருப்பான்" என்றார், பக்கத்து இலைக்காரருக்கும் கேட்கிற குரலில்.

அப்போது ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு பெண்ணின் அப்பா வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், வியர்த்து நனைந்த சட்டை. "நல்லா சாப்புடுங்க, கேட்டு வாங்கிச் சாப்புடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் எங்கள் மேசைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். மாமாவின் கை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது.

அவர் விருத்தகிரி. எட்டு வருடத்துக்கு முன்பு வரை மாமாவோடு அதே சூளையில் ஷிஃப்ட் மாற்றி வேலை பார்த்தவர். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாசி மகத்துக்கு மறுநாள் சூளையிலிருந்து இறக்கிய சரக்கு முழுக்க விரிசல் விட்டிருந்தது. ஆறுவதற்குள் கதவைத் திறந்தால்தான் அப்படி ஆகும். திறந்து இறக்கியது விருத்தகிரியின் ஷிஃப்ட். வேலையை விட்டு அவரை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. எனக்கு அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

"கலியா" என்றார் விருத்தகிரி. குரல் உடைந்துவிட்டது. "பத்திரிக வெக்காமலே வந்துட்டியாடா?"

மாமா எழுந்து நின்றார். எச்சில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "வெண்பா கல்யாணத்துக்குப் பத்திரிக வேற வேணுமா கிரி?" என்றார். வாய் கூசாமல் சொன்னார். கேட்ட எனக்குத்தான் வாயில் இருந்த ஜாங்கிரி இறங்கவில்லை.

விருத்தகிரி அந்த எச்சில் கையையே பிடித்துக்கொண்டார். "ஒனக்கு வெக்கணும்னு பத்திரிகய எடுத்துக்கிட்டு ரெண்டு வாட்டி ஒங்க தெரு வரைக்கும் வந்தேன்டா. மொகம் இல்ல, திரும்பிட்டேன். என்னால ஒனக்கும் கெட்ட பேரு, மொதலாளி ஒன்னையும்தான திட்டுனாரு."

கை கழுவக்கூட விடவில்லை. மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மனைவி பாஞ்சாலையைக் கூப்பிட்டு, "இங்க பாரு யாரு வந்துருக்கறதுன்னு" என்றார். மணப்பெண் வெண்பா மாமாவின் காலில் விழுந்தது. மொய்க் கவர் இல்லை, பரிசு இல்லை, வேலைக்குப் போடுகிற அழுக்குச் சட்டை. போட்டோகிராபர் "சிரிங்க சார்" என்றான். மாமா சிரித்தார். அந்தப் போட்டோ அவர்கள் ஆல்பத்தில் இப்போதும் இருக்கும், அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

மேடையை விட்டு இறங்கும்போது கோகுலகிருஷ்ணன் எதிரே வந்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

"என்னண்ணே, ருசி பாத்தீங்களா? அல்வாவா, ஜாங்கிரியா? முடிவு பண்ணிட்டா நாளைக்கே எழுதிடறேன்" என்றான். அப்படியே விருத்தகிரி பக்கம் திரும்பி, "நான் சொல்லல, ஒரு பார்ட்டி வராங்கன்னு? இவங்கதான்" என்றான்.

விருத்தகிரி மாமாவைப் பார்த்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "அதுக்குன்னாலும் வந்தியே, போதும்டா" என்றார். "வேல்விழிக்கா கல்யாணம்? ஜாங்கிரி போடு. இவன் அல்வா நாளைக்குள்ள கெட்டியாயிடும்."

அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும் நான் மாமாவிடம் கத்திவிட்டேன். "பாத்த ஒடனே உண்மைய சொன்னா என்ன மாமா? அந்த மனுசன் எப்படிக் கலங்கினாரு!"

மாமா வண்டிச் சாவியைப் போடாமல் நின்றார். "நீ அல்வாவ சொல்ற. நான் அதுக்கு அழுவல மாப்ள" என்றார். அப்போதுதான் அழுகிறார் என்பதையே பார்த்தேன். "அந்தச் சூளைய தெறந்தது நான்."

அந்த மாசி மகத்தன்று குடும்பத்தோடு ஆற்றுக்குப் போக வேண்டும் என்று அவசரம். சீக்கிரம் ஆறட்டும், தானே இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று கதவை ஒரு சாண் திறந்து வைத்தாராம். உள்ளே டிக் டிக்கென்று சரக்கு வெடிக்கிற சத்தம் கேட்டதும் பயந்து மூடிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் திருவிழாவுக்குப் போய்விட்டார். மறுநாள் நேரம் பார்த்துச் சரியாகத் திறந்த விருத்தகிரி மேல் பழி விழுந்தது. தான்தான் மணிக்கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அந்த மனுஷனே நம்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு மாமா என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அவர் அழுதுகொண்டு நின்றார். "போய் சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்கிறேன் என்றார். பத்து நாள் சொல்லவில்லை. அக்கா ஊர் ஊராகப் பத்திரிகை வைத்து முடித்தாள். கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் விருத்தகிரி வீடு ஒன்றுதான் பாக்கி நின்றது. வேறு வழியில்லாமல் மாமா என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

விருத்தகிரி வேலை போனதற்குப் பிறகு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வாசலிலேயே ஆட்டோ நின்றது. எங்களைப் பார்த்ததும் பாஞ்சாலை நாற்காலி எடுத்துப் போட்டார். டீ வந்தது. மாமா தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து நீட்டினார். விருத்தகிரி இரண்டு கையையும் நீட்டி வாங்க வந்தார்.

மாமா தட்டை விடவில்லை. "கிரி, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, அழகாகவும் சொல்லவில்லை.

பாஞ்சாலைதான் முதலில் பேசினார். மாமாவிடம் அல்ல, புருஷனிடம். "எட்டு வருசமா ஒன்ன நான் பேசாத பேச்சு இல்ல. ஒரு மணி பாக்கத் தெரியலியே ஒனக்குன்னு பெத்த பொண்ணு எதிர்லயே சொல்லிருக்கறனே..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விருத்தகிரி நீட்டிய கைகளை இறக்கிக்கொண்டார்.

"கலியா, அன்னைக்கு கம்பெனி வாசல்ல வந்து ஒங்கிட்ட கேட்டேன். நான்தான் அவசரப்பட்டுத் தெறந்துட்டனாடான்னு. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"நீ என்னா சொன்ன?"

மாமா தட்டில் சரிந்த வெற்றிலையை நேராக்கினார்.

"சொல்லுடா. என்னா சொன்ன?"

"பரவால்ல வுடு கிரின்னு சொன்னேன்."

"ஆமா" என்றார் விருத்தகிரி. "எந்தோள்ல கைய போட்டுக்கிட்டு சொன்ன. எவ்ளோ நல்லவன்டா இவன்னு நெனச்சேன்."

பிறகு தட்டை வாங்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? வரேன். நீ போயிட்டு வா" என்றார்.

சொன்னபடி ரிசப்ஷனுக்கு வந்தார். பாஞ்சாலை வரவில்லை. மேடை ஏறி வேல்விழி தலையில் கை வைத்து வாழ்த்தினார், மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். பந்தியில் உட்கார்ந்தார். வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்க வேண்டிய மாமா, பரிமாறுகிறவன் கையிலிருந்து ஜாங்கிரித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பெண்ணைப் பெற்றவர் பந்தியில் பரிமாற ஓடுவதைப் பார்த்து எல்லோரும் திரும்பினார்கள். விருத்தகிரி இலை முன்னால் நின்று, ஜாங்கிரி ஒன்றை எடுத்து, "கிரி" என்று குனிந்தார்.

விருத்தகிரி இடது கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டினார். கோபமாக இல்லை. "பரவால்ல வுடு" என்றார்.

மாமா தட்டோடு அடுத்த இலைக்குப் போனார்.