தட்டு வேற, மிதி வேற

இன்னைக்குக் காலையில லைன் டான்ஸ் கிளாஸ்ல...

(ஆமாங்க, எனக்குத்தான். அறுபத்தஞ்சு வயசுல. ஒத்தக்கடையில எங்க அபார்ட்மெண்ட் ஹால்ல, வாரம் ரெண்டு நாள். சுகர் டாக்டர் உபயம்.)

சொல்லித்தர்ற பொண்ணு மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு: "ஸ்டெப் வேற, டச் வேற அங்கிள். ஸ்டெப்னா உடம்பு வெயிட் அந்தக் காலுக்குப் போகணும். டச்னா தரையைச் சும்மா தொடணும், அவ்வளவுதான். டச்சுல வெயிட்டைப் போட்டுட்டா, அடுத்து அந்தக் கால் கிளம்பாது."

ஹால்ல இருந்த அம்புட்டுப் பேரும் மாட்டிக்கிட்டாங்க. நான் மட்டும் தப்பிச்சேன்.

"அங்கிள், முன்னாடியே ஆடியிருக்கீங்களா?"

ஆடியிருக்கேன்மா. எண்பதுகளோட ஆரம்பத்துல, செல்லூர்ல, ஒயிலாட்டம். கையில கர்ச்சீப்பு, கால்ல சலங்கை, ரெண்டு வரிசை.

அப்ப நான் கைத்தறி நெய்றவன். கூச்சம்னா அப்படி ஒரு கூச்சம். கடையில டீ கேக்குறதுக்கே நாலு தடவ தொண்டையைச் செருமுவேன்.

எங்க மாமா மக செல்விக்கு என்னைப் பேசிக்கிட்டு இருந்தாங்க. மாமாதான் பிடி குடுக்கல.

"நாலு பேரு முன்னாடி நிக்கத் தெரியாத பய. இவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்க?"

செல்வியோட அண்ணன் முருகேசன் சைக்கிள் கடை வச்சிருந்தான். தெரு ஒயிலாட்டக் குழுவுக்கும் அவன்தான் தலை.

"மாப்ள, திருவிழாவுக்கு முன் வரிசையில ஒரு ஆள் குறையுது. நீ வா. எங்கப்பா பாக்கட்டும்"னான்.

போனேன். போன அன்னைக்கே மானம் போச்சு.

எங்க குழுவுல கால் வைக்கிறதுக்கு ரெண்டே பேருதான் வச்சிருந்தோம்: மிதி, தட்டு. மிதின்னா பாரம் ஏத்தணும். தட்டுன்னா விரல் நுனி தொட்டா போதும். மூணு மிதி, ஒரு தட்டு. தட்டுன காலுதான் அடுத்து முன்னாடி கிளம்பணும்.

எனக்கு நாலுமே மிதியாத்தான் விழுந்துச்சு!

பத்து வயசுலருந்து தறிக்குழியில உக்காந்து மிதிகட்டையை மிதிச்ச காலு. கீழ பட்டாலே அமுக்கிரும். எல்லாரும் இடது பக்கம் திரும்ப, நான் வலது பக்கம் திரும்பி முருகேசன் மூக்குலயே முட்டுனேன். நாலு நாள் இதே கதை.

அஞ்சாம் நாள் காலையில குழாயடியில செல்வி குடத்தோட நின்னுச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க தெருவுல கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சிட்டா பொண்ணும் பையனும் பேசிக்கக் கூடாது. தெரிஞ்சா பேச்சே முறிஞ்சிரும். அடுத்த சந்துல ஒரு வீட்டுல அப்படித்தான் முறிஞ்சுச்சு.

தெரிஞ்சும் கேட்டேன். "செல்வி, எனக்குத் தட்டு வரமாட்டேங்குது."

அது என்னைப் பாக்கல. குடத்தைப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு. "தறியில இழை அறுந்தா என்ன செய்வீங்க மச்சான்?"

"இழையை எடுத்து முடிச்சுப் போடுவேன்."

"அப்பக் காலு?"

"கட்டை மேல சும்மா இருக்கும். அமுக்க மாட்டேன்."

"அதுதான் தட்டு."

குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. நான் என் குடம் வழியிறதைக்கூடப் பாக்காம நின்னேன்.

திருவிழா அன்னைக்குச் சாயந்தரம். மாமா முன்னால சேர் போட்டு உக்காந்திருந்தாரு. ஒவ்வொரு தட்டுக்கும் வாய்க்குள்ள "இழை அறுந்துருச்சு, இழை அறுந்துருச்சு"ன்னு சொல்லிக்கிட்டே ஆடுனேன்.

ஒரு கால் தப்பல!

ஆட்டம் முடிஞ்சதும் மாமா நேரா வந்தாரு. "வாய்க்குள்ள என்னடா முணுமுணுத்த?"

பொய் வரல. சொல்லிட்டேன். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. மாமா சிரிக்கல. அவரும் தறிக்காரரு. வேட்டியை மடிச்சுக்கட்டி, தானே ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு.

"சரியாத்தான் இருக்கு. யாரு சொல்லிக் குடுத்தா?"

முருகேசன் குறுக்க விழுந்தான். "நான்தாம்ப்பா."

"நீயா? நீ எந்தக் காலத்துலடா தறிக்குழியில எறங்குன?"

தெருவே மாமா வீட்டு வாசல் பக்கம் திரும்புச்சு. மாமா வீட்டுத் தறியில உக்காந்து இழை முடியிற ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரியும். செல்வி வாசல்ல தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

அது குனிஞ்சதை என்னால தாங்க முடியல.

"மாமா, அது மேல தப்பு இல்ல. நான்தான் குழாயடியில நிறுத்திக் கேட்டேன். திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க. ஆனா எனக்குச் செல்வியைத்தான் கட்டணும்."

சத்தமாவே சொல்லிட்டேன் போல. மேளக்காரரு குச்சியைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தாரு.

மாமா என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. தெருவைச் சுத்தி ஒரு பார்வை பாத்தாரு.

"நாலு பேரு முன்னாடி நிக்க மாட்டான்னு நெனச்சேன். இம்புட்டுப் பேரு முன்னாடி இப்படிப் பேசுறியேடா. ஞாயித்துக்கிழமை உங்கப்பாவைக் கூட்டிட்டு வா."

நான் ஆடுன ஆட்டத்தைப் பத்தி மனுசன் சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல.

உங்களுக்கெல்லாம் எப்படிங்க, வாழ்க்கையில முதல்முறையா சத்தமா பேசுனது யாருக்காக?