டிக்கி ரொம்ப நன்றாக இருந்தது

வேலை ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது. காரியம் கெட்டது அதனால்தான். போட்டியில் நூற்றுக்கு எழுபத்தொன்று மார்க்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் போட்டிக்குத் தயார் செய்கிற தொழிலில் விதி ஒன்றுதான். ஃபேக்டரியை விட்டு வந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அதைவிட மோசமாக இருந்தால் மார்க் போகும். மேலாக இருந்தாலும் போகும். முதல் பாதியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், நாற்பது வருடம் வொர்க் ஷாப் நடத்தியவன். இரண்டாம் பாதி மண்டையில் ஏறவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்ததற்காகத் திட்டு வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் கஷ்டம் புரியும்.

வண்டி இங்கிலாந்தில் செய்தது. இரண்டு ஸீட். பச்சை. வண்டிக்குச் சொந்தக்காரர் ஹரிகுமார், பல் டாக்டர். ஆரியசாலையில் என் ஷெட்டில் மூன்று வருடம் கிடந்தது. தொண்ணூறு மார்க் வாங்கினால் 'அசல்' என்று சான்றிதழ் தருவார்கள். எழுபத்தொன்று வந்த அன்றைக்கே டாக்டர் சொல்லிவிட்டார், அடுத்த வருடமும் கிடைக்காவிட்டால் வண்டி கொச்சிக்காரருக்கு என்று. கொச்சிக்காரர் கல்யாண ஃபோட்டோவுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர். நான் ஒவ்வொரு தட்டாகத் தட்டி எடுத்த பானட்டின் மேல் மணப்பெண்கள் ஏறி உட்காருவார்கள்.

டார்ச்

நடுவர் கோயம்புத்தூர்க்காரர். கோவளத்தில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தோம். வெளியே மின்னுகிற பெயிண்டை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே டிக்கியைத் திறந்தார். டார்ச்சை அடித்துத் தலையை உள்ளே விட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். டிக்கியின் உள்பக்கத்துக்கு ஏழு கோட் பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு கோட்டையும் வாட்டர் பேப்பரால் தேய்த்து, மூலை முடுக்கில்கூட முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன்.

தலை வெளியே வந்தது. பேனா எழுத ஆரம்பித்தது, நிற்கவில்லை. எதற்கு என்று கேட்டேன். அந்தக் காலத்தில் டிக்கி உள்பக்கத்துக்கு ஒரே ஒரு தூவல்தானாம். மூலைகளில் அடியில் இருக்கிற ப்ரைமர் தெரியுமாம். தெரிய வேண்டுமாம். நான் முறைத்தேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஏனுங்க, அவங்க உங்களாட்டம் வேலை செஞ்சிருந்தா ஒரு வண்டி வெளிய வர்றதுக்குள்ள கம்பெனிய மூடியிருப்பாங்க."

சுத்தியல்

இந்த வண்டியின் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான். அதற்கு இரண்டு காது. காதில் அடித்துத்தான் கழற்ற வேண்டும். அதற்கென்று செம்புத் தலை வைத்த சுத்தியல் ஒன்று வண்டியோடு வரும். எங்கள் வண்டியில் அது இல்லை. அதற்கும் மார்க் போயிருந்தது. எட்டு மாதம் தேடினேன். டாக்டர் எந்தெந்த நாட்டுக்கோ மெயில் அனுப்பினார். கடைசியில் வீட்டுக்கு வெல்லம் வாங்க சாலை பஜாருக்குப் போனேன். மொத்தக் கடை அண்ணாச்சி அதே மாதிரி செம்புச் சுத்தியலால் அச்சு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார். பழைய இரும்புக்காரனிடம் எப்போதோ எடுத்தது என்றார்.

கேட்டேன். தரமாட்டேன் என்றார். செம்பு துரு விடாது, வெல்லத்துக்கு நல்லது என்றார். அப்படி எதற்கு உமக்கு என்றார். வீலை அடிக்க என்றேன். கடையில் மூட்டை தூக்க நின்ற சுமட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "வே, வண்டி ஓடலைன்னா அதப் போட்டு அடிக்கத்தான் இத்தனை வருசமா மெக்கானிக்கா இருக்கீரா?" என்றார் அண்ணாச்சி. வேறு சுத்தியல் வாங்கி வந்து கொடுத்து, அவர் அதில் இரண்டு மூட்டை உடைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் கை மாறியது.

இந்தத் தடவை புத்தியாக இருந்தேன். தேய்க்கவில்லை, கழுவவில்லை, பாலிஷ் போடவில்லை. பழசு பழசாகவே இருக்கட்டும் என்று டிக்கியில் வைத்தேன். நான்கு நாளில் தரையிலிருந்து பம்பர் வழியாக டிக்கி வரை எறும்பு வரிசை. டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். "ஆசானே, மதுரம் தின்னா பல்லு மட்டுமில்ல, காரும் கேடாகும், அல்லே?"

சொட்டு

என்ஜினுக்குப் பின்னால் ஓரிடத்தில் ஃபேக்டரி ரப்பர் சீல் வைக்கவில்லை. அதனால் எண்ணெய் சொட்டும். எனக்குப் பொறுக்குமா? நான் வைத்திருந்தேன், ஒரு துளி வராது. அதற்கும் மார்க் போனது. மறுபடி என்ஜினை இறக்கி, அருமையான சீலைப் பிடுங்கி எறிந்து, ஒழுகுகிற மாதிரி செய்து, வண்டியை டாக்டர் வீட்டு போர்ட்டிகோவில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் வெள்ளை டைல்ஸில் கறுப்பு வட்டம். டாக்டரின் மனைவி என்னை அழைத்துக் காட்டினார்: "ஒழுகுறத நிறுத்த ஆளைக் கூப்பிட்டுக் கண்டிருக்கேன். ஒழுக வைக்க ஆளைக் கூப்பிட்டது இந்த வீட்டுலதான்."

கட்டுப்பல்

ஷெட்டுக்குத் திரும்பி வந்த வண்டியில் பாக்கி இருந்தது டிக்கி. பெரிய மார்க் அதில்தான். ஏழு கோட்டையும் நானே சுரண்டினேன். சுரண்டும்போது யாரும் என்னிடம் பேச வரவில்லை, வந்திருந்தால் கடித்திருப்பேன். பிறகு ப்ரைமர் அடித்து, அதன் மேல் மோசமாக அடிக்க உட்கார்ந்தேன்.

வரவில்லை. எங்கே ப்ரைமர் தெரிய வேண்டும் என்று பென்சிலால் குறித்தேன். டேப் ஒட்டினேன். பெயிண்ட் வழிந்த மாதிரி இரண்டு கோடு, பிரஷ்ஷால் இழுத்தேன். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரே நீளம். மூன்று தடவை அழித்து அடித்தேன். மூன்றாவது தடவை, ஆண்டவன் சத்தியமாக, பார்க்க அழகாக இருந்தது. டாக்டர் பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து டிக்கிக்குள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "கட்டுப்பல்லு பார்த்தா எனக்குத் தெரியாதா ஆசானே? எல்லாம் நேரா நிக்கும்." போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. போகும்போது, கொச்சிக்காரர் ஃபோன் செய்ததாகவும் சொன்னார்.

பக்கத்து ஷெட்

பக்கத்து ஷெட்டில் ஜன்னல் கம்பியும் இரும்பு கேட்டும் செய்கிறார்கள். அங்கே பெயிண்ட் அடிக்கிறவள் ஸ்டெல்லா. கொளச்சல்காரி. ஒரு மத்தியானம் தின்னர் இரவல் கேட்டு வந்தாள். டிக்கிக்குள் பென்சிலோடு கிடந்த என்னைப் பார்த்தாள்.

"உள்ள என்ன செய்யுதீரு?"

"பெயிண்ட்."

"உள்ள பாக்கியது யாரு?"

"நடுவர்."

"அவரு எதுக்கு அங்க பாக்காரு? வேற சோலி இல்லியா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஸ்ப்ரே கன்னை அவள் கையில் கொடுத்தேன். கேட்டுக்கு அடிக்கிற மாதிரியே அடி என்றேன். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தங்கச்சியோடு சண்டை போட்டுக்கொண்டே அடித்தாள். பத்து நிமிடம் ஆகியிருக்காது. மூலையெல்லாம் ப்ரைமர். கீழே தானாக ஒரு வழிசல், கோணலாக. ஓரம் விட்டுப்போச்சே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். தின்னர் டப்பாவை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "பாக்காத எடத்துக்கு என்னத்துக்கு ஆசானே பெயிண்டு? எனக்கு இன்னும் நாலு கேட்டு கெடக்கு."

புல்வெளி, இரண்டாம் தடவை

அதே நடுவர். அதே டார்ச். தலை உள்ளே போய் ரொம்ப நேரம் ஆயிற்று. டாக்டர் நகம் கடித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். தலை வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. தொண்ணூற்று மூன்று. வண்டி கொச்சிக்குப் போகவில்லை. நடுவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "இதுங்க வேலை! சம்பளத்துக்குச் செஞ்ச மாதிரியே இருக்குதுங்க."

நாற்பது வருட அனுபவத்தை வைத்து நான் பாழாக்கிய டிக்கியைப் பத்து நிமிடத்தில் சரி செய்தவள், ஒரு தடவைகூட அதைச் சரியாகப் பார்க்காத ஸ்டெல்லா.